இரண்டாவது டேங்க்

அருள்பிரகாஷுக்கு அந்த வேனை முதன்முதலில் பார்த்தபோதே பிடிக்கவில்லை. பழைய வண்டி என்பதால் அல்ல. ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையோரம் டீசல் பம்ப், நாசில் வேலைக்கென்று பட்டறை போட்டிருப்பவனுக்குப் பழைய வண்டிகள்தான் சோறு போடுகின்றன. இரண்டு டேங்க் இருந்ததும் காரணமில்லை. முன்பு அதை வைத்திருந்தவர் கேரளாவுக்குச் சவாரி ஓட்டியவர். வழியில் டீசல் போட நிற்க வேண்டாமென்று வலது பக்கம் இன்னொரு டேங்கைத் தொங்கவிட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு திருகு காக் வைத்திருந்தார். அதை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு டேங்க், அந்தப் பக்கம் திருப்பினால் மற்றது. நல்ல ஏற்பாடுதான்.

பிடிக்காமல் போனது அந்த இரண்டாவது டேங்கின் மூடியில் தொங்கிய பூட்டு. துருவேறிய வண்டியில் அது ஒன்றுதான் புதுசாக மின்னியது.

"ஓட்டை டேங்குன்னு சொல்ற. அதுக்கு எதுக்கு மாப்ள பூட்டு?" என்று அப்போதே கேட்டான்.

"ஓனர் போட்டதுங்க அத்தான். நமக்கெதுக்கு?" என்று குழந்தைராஜ் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

குழந்தைராஜ், அருள்பிரகாஷின் மனைவி ஜூலியட்டின் தம்பி. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலை வாங்கி, மெஷின் வைத்துக் கட்டுக் கட்டி வெளியூருக்கு அனுப்பும் வைரக்கண்ணு என்பவரிடம் தை மாதத்திலிருந்து வேன் ஓட்டினான். வேலையாட்களையும் மெஷினுக்கு டீசலையும் வயலுக்கு வயல் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. கல்யாணம் ஆகவில்லை. குடி இருந்தது. இந்த வருடம் சாம்பல் புதனன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன், பூண்டி மாதா கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டான். ஜூலியட் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு வேனை இழுத்துப் பறித்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் போட்டுவிட்டு, பின்கட்டில் அக்கா வீட்டிலேயே படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் முகம் வெளுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"விடியக்காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரே அடியில எடுக்குதுங்க அத்தான். வெயில் ஏறுச்சுன்னா போச்சு. இழுக்காது, வெட்டி வெட்டி வரும், நின்னுடும். கொஞ்ச நேரம் கெடந்து ஆறிட்டா மறுபடி எடுக்கும்."

"பில்டர்?"

"புதுசு."

அருள்பிரகாஷ் சாவியை வாங்கி ஸ்டார்ட் செய்தான். சொன்ன மாதிரியே ஒரே அடியில் பிடித்தது. இருவரும் புது ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் போனார்கள். போகும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. பாலத்தடியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். தண்ணீர் நிறுத்திவிட்ட ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. இரு கரையிலும் அறுத்த தாள்களுக்கிடையே உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற எஞ்சின் திணற ஆரம்பித்தது. புகைக்குழாயில் வெள்ளையாக வந்து, இரண்டு தரம் குலுங்கி, நின்றே போனது.

"இன்னைக்கு ஏன் வெயில் இப்படி வெள்ளையா அடிக்குது?" என்றான் குழந்தைராஜ், கண்ணாடிக்கு மேல் கையையும் வைத்து மறைத்துக்கொண்டு.

அருள்பிரகாஷ் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் கவனம் முழுக்க வண்டியில் இருந்தது. எங்கேயோ காற்று இழுக்கிறது என்று நினைத்தான்.

வண்டி ஆறி எழுந்ததும் பட்டறைக்குத் திருப்பிக்கொண்டுவந்து, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடிபோல் தெரியும் ஹோஸ் ஒன்றை மாட்டினான். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் ஹோஸுக்குள் குமிழ் குமிழாக ஓடியது. கிளாம்ப் எல்லாவற்றையும் இறுக்கினான். வாஷர்களை மாற்றினான். குமிழ் நிற்கவில்லை. பிறகு டேங்கையே விலக்கிவிட்டு, ஒரு கேனில் நல்ல டீசல் ஊற்றி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்தான். எஞ்சின் பூ மாதிரி ஓடியது. கொதிக்கிற சூட்டிலும் ஒரு குமிழ் இல்லை.

பம்பில் குற்றமில்லை. நாசிலில் குற்றமில்லை. குற்றம் வருகிற சரக்கில் இருந்தது.

தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். முதல் டேங்கைத் தட்டினான். பாதிக்கு மேல் வெற்று ஓசை. வலது பக்கம் நகர்ந்து இரண்டாவதைத் தட்டினான். மூன்றில் ஒரு பங்கு வரை சத்தம் கனத்து அமுங்கியது. காலி டேங்க் அப்படி ஒலிக்காது. அதிலிருந்து காக்குக்கு வரும் ஹோஸைத் தொட்டுப் பார்த்தான். பார்வைக்குப் புது ஹோஸ். ஆனால் ஊறிப் பருத்து, பிதுக்கினால் ரப்பர் கொழகொழவென்று விரலோடு வந்தது. டீசல் ஹோஸ் எத்தனை வருடமானாலும் இப்படி ஆகாது.

காக் திருகைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே தேய்ந்து போயிருந்தது. முதல் டேங்க் பக்கம் திருப்பி வைத்தாலும் இரண்டாவதிலிருந்தும் கசிந்து வரும். அப்படியானால் இத்தனை நாளாக எஞ்சினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது என்ன?

பில்டரில் தங்கியதை ஒரு ஊறுகாய் பாட்டிலில் வடித்து, மேசைமேல் வைத்தான். சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. கீழே மஞ்சளாக டீசல். மேலே நிறமே இல்லாமல் தெளிவாக ஒன்று.

அருள்பிரகாஷ் குனிந்து அதையே பார்த்தான். டீசலில் தண்ணீர் கலந்த பாட்டில்களை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். தண்ணீர் எப்போதும் அடியில்தான் நிற்கும். இது மேலே நின்றது.

மேலே நின்றதைச் சிரிஞ்சில் உறிஞ்சி, தண்ணீர் இருந்த டம்ளரில் விட்டான். சுவடே இல்லாமல் கலந்துவிட்டது. பெட்ரோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. மிச்சத்தை ஒரு டின் மூடியில் விட்டு, வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சி கிழித்து வைத்தான். பற்றியதாகவே தெரியவில்லை. அணைந்துவிட்டதோ என்று பழைய பேப்பர் துண்டை மேலே நீட்டினான். பேப்பர் ஒன்றுமில்லாத இடத்தில் பழுப்பாகி, சுருண்டு, எரிந்தது. கையில் சூடு அறைந்தது. சட்டென்று இழுத்துக்கொண்டான்.

இந்தத் தீயை அவன் ஒரு முறை பார்த்திருக்கிறான். சிறு வயதில் கடலூர்ப் பக்கம் டேங்கர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தபோது ஒரு கிளீனர், எதுவும் எரியாத தரையில் நடந்துபோய்க் கால் வெந்து அலறினான். அங்கே எல்லா டிரைவர்களுக்கும் அந்தச் சரக்கின் பெயர் தெரியும். மெத்தனால். தப்பித் தவறி வாயில் பட்டுவிடக் கூடாது என்பார்கள்.

குழந்தைராஜின் வேனில் அது எதற்கு வருகிறது? பூட்டுப் போட்டு, ஓட்டை என்று சொல்லி, டீசலோடு டீசலாக. அதை வாங்குகிற பெயின்ட் கம்பெனிக்குக் கொண்டுபோகிறவன் ஏன் ஒளிக்க வேண்டும்?

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

வைரக்கண்ணு இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மெல்லிய குரல். அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை என்பார்கள்.

"என்னங்க தம்பி, வண்டி முடிஞ்சுதுங்களா? சாயங்காலத்துக்குள்ள வேணும். ஆள் ஏத்தணும்."

"பீட் பம்ப் போயிடுச்சுங்க. தஞ்சாவூர்லேருந்து சாமான் வரணும்," என்றான் அருள்பிரகாஷ். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் தனக்கே வேறாகக் கேட்டது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் அந்தப் பம்ப் நல்ல நிலையில்தான் இருந்தது; கழற்றி வைத்திருந்ததைக் கையோடு எடுத்துத் துணியில் சுற்றினான்.

வைரக்கண்ணு வேனைச் சுற்றி வந்தார். வலது பக்கம் குனிந்து பூட்டைப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"இது என்னங்க?"

"டீசல்ல தண்ணி கலந்திருக்குதுங்க. அதான் வண்டி நிக்குது."

பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, மெதுவாக ஆட்டி, மறுபடி பிரிகிற வரை பொறுமையாகப் பார்த்தார்.

"தண்ணின்னா கீழல்ல நிக்கணும்?" என்றார்.

அருள்பிரகாஷ் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினான். வைரக்கண்ணு அவன் முகத்தையே பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. விலை படியுமா என்று பார்க்கிற பார்வை.

"தம்பிக்குப் பொண்டாட்டி இருக்கு, தொழில் இருக்கு. நல்லா ஓடுற பட்டறை," என்று ஆரம்பித்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திருநீற்றுக்கு அடியில் வியர்வை பூத்தது. "யாரும் தூக்கிட்டுப் போக வேண்டாம். நான் வர்றேன்," என்று மட்டும் சொன்னார்.

போகும் வழியில், டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்த குழந்தைராஜுக்கு எதிரே ஒரு நிமிடம் நின்று, குனிந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அவன் அசையவில்லை. வைரக்கண்ணு பாட்டிலோடு காரில் ஏறினார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு தெற்கே பறந்தது.

"யாருங்க அத்தான் என் முன்னால வந்து நின்னது?" என்றான் குழந்தைராஜ்.

அருள்பிரகாஷ் அப்படியே நின்றான். அந்த ஒரு கேள்வியில் காலையிலிருந்து நடந்ததெல்லாம் அவனுக்குள் கோத்துக்கொண்டு வந்தது. வெள்ளையாக அடிக்கும் வெயில். பாலத்திலிருந்து வந்ததும் ஜாக்கியில் தடுக்கி விழப்போனது. போன் அடித்தபோது "யாருன்னு பாருங்க" என்று இவனிடமே நீட்டியது.

பக்கத்தில் போய்க் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கருமணி இரண்டும் வெயிலிலும் விரிந்து கிடந்தன.

"என் முகம் தெரியுதா?"

"தெரியுது... பனி மூட்டம் மாதிரி இருக்கு. வைக்கோல் தூசிங்க அத்தான். கழுவுனா போயிடும்."

ஜூலியட் மோர்ச் செம்போடு வந்தாள். "இதையாவது குடிடா. காலையிலேருந்து ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். வெறும் வயித்துல ஒருசந்தி இருந்தா அப்படித்தான். கேட்டாத்தானே?"

"மாப்ள, நேத்து குடிச்சியா?"

"இல்லீங்க அத்தான். தவக்காலம்."

"நேத்து குடிச்சியா?"

"மாதா மேல சத்தியமா..."

அருள்பிரகாஷ் அவன் இரண்டு தோளையும் பிடித்தான். "உன் அக்கா நிக்குறாங்கறதுக்காகப் பொய் சொல்லாத. அந்த டேங்க்ல இருக்கறது சாராயம் இல்லடா. வெஷம். மொதல்ல கண்ணை எடுக்கும், அப்புறம் உசுரை எடுக்கும். எப்பக் குடிச்ச, யாரு யாரு குடிச்சாங்க, சொல்லு."

குழந்தைராஜ் அக்கா நின்ற திசைக்குத் திரும்பினான். அவன் திரும்பிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் அவள் நின்றாள்.

"நேத்து சாயங்காலம். ரெண்டு கிளாஸ். மெஷின் நிக்குற தோப்புல அந்த டேங்க்லேருந்து ரெண்டு கேன் எறக்குனேன், வைக்கோல் கட்டுற ஆளுங்க எல்லாரும் குடிச்சாங்க. மீதியை இன்னைக்கு வேற ஊருக்குக் கொண்டு போகணும்னாரு ஓனர். ஸ்பிரிட்டு, சுத்தமான சரக்குன்னுதாங்க சொன்னாரு."

செம்பு ஜூலியட்டின் கையிலிருந்து விழவில்லை. அவள் அதை மெதுவாகத் தரையில் வைத்தாள். உள்ளே ஓடி அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, பர்ஸோடு திரும்பி வந்தாள்.  

பக்கத்துப் பஞ்சர் கடை ஹாஜா மைதீன் விஷயம் கேட்டதும் தன் காரை எடுத்தார். கிளம்புமுன் அருள்பிரகாஷ் பில்டரில் மீந்திருந்ததை இன்னொரு பாட்டிலில் வடித்து எடுத்துக்கொண்டான். வேனை யாரும் கிளப்ப முடியாதபடி பீட் பம்பையும் காரில் போட்டான்.

தஞ்சாவூர்ச் சாலையில் ஹாஜா மைதீன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின் சீட்டில் குழந்தைராஜ் ஓட்டப்பந்தயம் ஓடி வந்தவன்போல் மூச்சு வாங்கினான். அருள்பிரகாஷ் போலீசுக்குப் போன் போட்டான். எதிரே பேசியவர் முதலில் நம்பவில்லை. நீங்கள் யார், டாக்டரா, எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"சார், நான் மெக்கானிக். எப்படித் தெரியும்னு அப்புறம் சொல்றேன். பாப்பாநாட்டுக்குத் தெற்கால, வைக்கோல் மெஷின் நிக்குற தென்னந்தோப்பு. ஆம்புலன்ஸ் அனுப்புங்க. எல்லாரையும் எழுப்பிப் பாக்கச் சொல்லுங்க. தூங்குறாங்கன்னு விட்டுடாதீங்க சார்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு அவர் கேள்வி கேட்பதை நிறுத்தி, தோப்புக்கு வழி கேட்டார். குழந்தைராஜ் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். சுமைதாங்கியைத் தாண்டி இடது பக்கம், வாய்க்கால் மதகு, நீல மோட்டார் கொட்டகை. சொல்லச் சொல்ல நாக்கு குழறியது. ஜூலியட் அவன் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தூங்காதடா, தூங்காதடா," என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். செபம் சொல்ல அவளுக்கு அப்போது தோன்றவில்லை என்று பிறகு சொன்னாள்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். எப்போது குடித்தான் என்று மட்டும் கேட்டார். பதில் வந்தபோதே ஸ்ட்ரெச்சர் நகர்ந்துகொண்டிருந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு இணைத்துப் படுக்க வைத்தார்கள்.

மத்தியானம் போய்ச் சாயங்காலம் வருவதற்குள் அந்த வராந்தாவில் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்ட்ரெச்சர்கள் வந்தன. முழங்கால் வரை வைக்கோல் தூசி ஒட்டிய கால்கள். ஒருவன் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தே வந்தான். அருள்பிரகாஷ் எழுந்து போய் அவன் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

வைரக்கண்ணு போலீசுக்கு முன்னால் தோப்புக்குப் போயிருந்தார். விழுந்து கிடந்தவர்களைத் தூக்கவில்லை. கேன்களில் இருந்ததை வாய்க்காலில் கொட்டிவிட்டு, கேன்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மெஷின் ஓட்டுகிற துரைராசு காலையிலேயே தென்னை மரத்தில் சாய்ந்தபடி இறந்துபோயிருந்தார். அசந்து தூங்குகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். இன்னொருவர் மறுநாள் விடியுமுன் போய்விட்டார். மீதிப் பேர் பிழைத்தார்கள். மீதிச் சரக்கு போகவேண்டிய ஊர் எது என்று போலீஸ் கண்டுபிடித்தபோது, அங்கே அன்று திருவிழாக் காப்புக் கட்டு என்று தெரிந்தது. அதைக் கேட்ட இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

வைரக்கண்ணுவை வேதாரண்யம் பக்கம் பிடித்தார்கள். அவருக்கு விற்றவன் யாரென்று தெரியவில்லை. பட்டறைக்கு எதிரே அடையாளம் தெரியாத இரண்டு பேர் பைக்கில் வந்து நின்று, பட்டறையையே பார்த்தபடி டீ குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். அருள்பிரகாஷ் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்தான். ஹாஜா மைதீன் தன் கடையைச் சாத்தாமல் இவன் சாத்துகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்.

நான்காம் நாள் குழந்தைராஜ் நினைவு தெளிந்து கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி ஆயிடுச்சாக்கா? லைட்டுப் போடலையா?" என்பது. ஜன்னலில் பகல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜூலியட் வெளியே போய் அழுதுவிட்டு வந்து, "கரண்ட் இல்லடா," என்றாள். அன்று மட்டுந்தான் பொய் சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். எஞ்சின் சத்தத்தை வைத்து என்ன வண்டி என்று சொல்லுவான். சில நாள் எதுவும் சொல்லமாட்டான்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. அருள்பிரகாஷ் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவளைப் பார்த்திருக்கிறான்.

காலடிச் சத்தம் கேட்டுக் குழந்தைராஜ் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடினான். "யாருங்க?"

"ரெங்கம்மா. துரைராசு வீட்டுலேருந்து வர்றேன்."

அவன் ஸ்டூல் கவிழ எழுந்து கைகூப்பினான். கும்பிட்ட கை அவளுக்கு நேராக இல்லை. அவள் அதைக் கவனித்தாள். திட்ட வந்தவளா அழ வந்தவளா என்று அருள்பிரகாஷுக்குப் புரியவில்லை. ஜூலியட் உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ரெங்கம்மா வாங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு கூலிக்குப் போற எடத்துல குடிக்க மாட்டாரு. இத்தனை வருசத்துல குடிச்சதில்ல. அன்னைக்கு ஏன் குடிச்சாருன்னு யாருக்கும் சொல்லத் தெரியல. நீ கூட இருந்தியாம். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

 குழந்தைராஜ் கவிழ்ந்த ஸ்டூலைக் காலால் துழாவினான். தெரியாது என்று சொல்லிவிடுவான் என்று அருள்பிரகாஷ் நினைத்தான். சொல்லியிருந்தால் அவனைக் குற்றம் சொல்லியிருக்கவும் மாட்டான்.

"வேணாம்னுதாங்க சொன்னாரு," என்றான் குழந்தைராஜ். "புது சரக்கு, எனக்குப் பயமா இருக்குன்னாரு. அவரு தொட்டாத்தான் மத்தவங்களும் தொடுவாங்கன்னு ஓனர் எங்கிட்டச் சொல்லியிருந்தாரு. அதுக்காக நான் ஒரு கிளாஸ் ஊத்தி, அவரு பாக்கக் குடிச்சேன். ஒண்ணும் ஆகல பாருங்கண்ணேன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் வாங்கிக் குடிச்சாரு."

ரெங்கம்மா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் அவள் நின்ற இடம் என்று நினைத்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். சாலையில் உளுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று கடந்து போனது.

அவள் டம்ளரை வாயில் வைக்காமலே பட்டறை மேசைமேல் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த வழியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

"போயிட்டாங்களா அத்தான்?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைராஜ் கேட்டான்.

"போயிட்டாங்க," என்றான் அருள்பிரகாஷ். கவிழ்ந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்து, அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.